ஒரு குடும்பத்தோடு உதவித்தொகை கேட்கப் போனது

போன மாதம் தெயின்ஜி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குடும்ப ஆலோசனை மையத்தில் அவள் இப்போது வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அப்பா பர்மாக்காரர், அம்மா நம் ஆள். வந்தவள் உட்காருவதற்கு முன்பே கேட்டாள்.

"ஊலே, உங்க காலத்துல ஸ்காலர்ஷிப் இண்டர்வியூவுக்கு ஒரு குடும்பத்தையே கையோட கூட்டிட்டுப் போணுமாமே. நெசமா?"

ஊலே என்றால் பர்மியத்தில் சித்தப்பா மாதிரி. மையத்தில் சின்னவர்கள் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நெசந்தான். நீ எதுக்குக் கேக்கற?"

"இந்த வருஷம் நான் போட்டிருக்கேன். எங்களுக்கு அதெல்லாம் கெடையாது. போன்லயே முகத்தப் பாத்துக் கேப்பாங்களாம். கரெண்டு மட்டும் இருந்தாப் போதும்."

"நடுவுல கரெண்டு போச்சுன்னா?"

"பாத்தீங்களா, இன்னும் நாளே குறிக்கல, அதுக்குள்ள என்னப் பயமுறுத்துறீங்க."

மையத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஆசிரியர் குழுவில் கேட்டிருந்தார்கள். எதை எழுதுவது, யார் மனமாவது புண்பட்டுவிடுமோ என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். தெயின்ஜிதான் முடிவு செய்தாள். "அந்தக் குடும்பத்தப் பத்தியே எழுதுங்க. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். அம்மா படிச்சுக் காட்டட்டும்." சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகு, பேர்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் போனதும் பபேடான் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். தமிழ் எழுத்து, கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றது. இயல்பிலேயே பயந்தவன். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். துணியைக் கிழிக்கும்போது அளவு தப்பிவிடுமோ என்று மறுபடி அளப்பேன். முதலாளி இதை நாணயம் என்று எடுத்துக்கொண்டதால் பிழைத்தேன்.

அந்தக் கடைக்குத்தான் டோ மியா வந்தார். டோ என்பது பெரிய பெண்களுக்கு பர்மியர் வைக்கும் மரியாதை. அவர் ஒரு பக்கம் துணி பார்த்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் தமிழ் அம்மா ஒருவர் தன் பர்மிய மருமகளுக்குப் புடவை எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மஞ்சள் புடவையை விரித்தேன்.

"இது வேணாம்ப்பா. இத இவ கட்டினா வாழப்பழம் மாதிரி இருப்பா. வேற காட்டு."

மருமகள் என் முகத்தைப் பார்த்தார். அத்தைக்கு வேறு நிறம் பிடித்திருக்கிறதாம் என்று பர்மியத்தில் சொல்லி, பச்சையை எடுத்துப் போட்டேன். அவர்கள் போன பிறகு டோ மியா என் பக்கம் வந்தார்.

"வாழைப்பழத்த எங்க விட்டீங்க?" என்று பர்மியத்தில் கேட்டார்.

எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சின்ன வயதில் தமிழர்கள் தெருவில் குடியிருந்தவராம். பேச வராது, கேட்டால் பாதி புரியும். லான்மடாவில் ஒரு மாடியில் குடும்ப ஆலோசனை மையம் நடத்துகிறாராம். நம் குடும்பங்கள் நிறைய வருகின்றன. பெரியவர்களுக்குக் கோபம் வந்தால் தமிழில்தான் வருகிறது, பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும் அது புரிவதில்லை. இரண்டு பக்கமும் பேச ஓர் ஆள் வேண்டும்.

"வாழைப்பழத்தையும் சேத்துச் சொல்ற ஆளா வேணும்," என்றார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் மனைவி, "ஊர்ச் சண்டையெல்லாம் கேட்டு நீங்க தாங்குவீங்களா?" என்றாள். அந்தக் கவலை எனக்கும் இருந்தது. ஆனாலும் போனேன்.

அங்கே வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அறையில் நாற்காலிகளைப் போட்டு வைக்க மாட்டோம். எல்லாம் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். வருகிறவர்கள் ஆளுக்கொன்றை எடுத்துத் தங்களுக்குப் பிடித்த இடத்தில் போட்டு உட்கார வேண்டும். யார் யாருக்கு எடுத்துக் கொடுக்கிறார், யார் யாருக்கு முதுகு தெரிய உட்காருகிறார் என்பதை டோ மியா பார்த்துக்கொண்டிருப்பார். எழுத மாட்டார். தேநீர் கடைசியில்தான். முதலில் கொடுத்தால் எல்லாருக்கும் மரியாதை வந்துவிடும், பிறகு உண்மை வராது என்பார்.

என் நாற்காலி பேசுகிறவருக்கு அரை அடி பின்னால். அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "இவர் என்ன சொல்கிறார் என்றால்" என்று தொடங்கக்கூடாது. ஒரே மணி நேரத்தில் நான் எழுபது வயது மாமியாராகவும் இருபத்தைந்து வயது மருமகளாகவும் இருப்பேன். திட்டினால் திட்டு, முனகினால் முனகல். எதையும் விடக்கூடாது. ஒருவர் சொன்னது மறு பக்கம் போய், அதற்குப் பதில் திரும்பி வரும்வரை நடுவில் யாரும் பேசக்கூடாது. பேச வந்தால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்த வேண்டும். கடையில் கை கட்டி நின்று பழகிய எனக்கு, பெரியவர்கள் முகத்துக்கு நேராகக் கையைக் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

டோ மியா என்னிடம் ஒருநாளும் "பயப்படாதீங்க" என்று சொன்னதில்லை. முதல் நாள் நான் தயங்கி நின்றபோது, என்ன பயம் என்று கேட்டார். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றேன். "இன்னும் என்ன?" சண்டை பெரிதாகிவிடுமோ. "இன்னும் என்ன?" மேலே அந்த மின்விசிறி ஆடுகிறது. அண்ணாந்து பார்த்தார். "அது உண்மைதான்," என்று சொல்லி, ஆள் வைத்து அன்றே சரி செய்தார். என்மேல் கோபம் வந்தால் பேசாமல் பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஒருதடவை நான் ஒரு மாமனாரின் வசவைப் பாதி விழுங்கிவிட்டேன். அன்றைக்கு அந்தத் தொட்டிகளிலிருந்து வழிந்த தண்ணீர் கீழே பாத்திரக் கடைக்காரர் தலையில் விழுந்து, அவர் மேலே ஏறி வந்துவிட்டார்.

சில வருடங்கள் இப்படிப் போனது. ஓர் அறக்கட்டளை ஆண்டுக்கு ஒருவருக்கு உதவித்தொகை கொடுத்து, குடும்ப ஆலோசகருக்கான ஓராண்டுப் பயிற்சிக்கு அனுப்பும். பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்பது விதி. தேறாதவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வேலையில் பழகியவராக இருந்து, ஒரு குடும்பத்தின் வழக்கைத் தானே நடத்தி, அதைத் தேர்வுக் குழுவின் முன் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவராவது கூட வந்து தன் வாயால் பேச வேண்டும்.

"உங்க பேரக் குடுத்திருக்கேன்," என்றார் டோ மியா. "அடுத்து வர்ற குடும்பத்த நீங்க நடத்துங்க. நான் பின்னால உங்க நாற்காலியில உக்காந்துக்கறேன்."

அந்தப் பயிற்சி இல்லாமல் நான் கடைசிவரை அடுத்தவர் வார்த்தையைச் சொல்கிறவனாகவே இருக்க வேண்டியதுதான். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் பல தடவை ஒரு கேள்வி என் நாக்கு நுனிவரை வந்து நிற்கும். கேட்கிற உரிமை எனக்குக் கிடையாது. அந்த உரிமை வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த பிறகு தூக்கம் போனது.

அடுத்து வந்த குடும்பம் முத்தையா ஐயாவுடையது. அவர் நகராட்சி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சரவணன். மருமகள் மா சூ, ஆற்றுக்கு அக்கரை த்வாண்டேயில் மண்பாண்டம் செய்கிற பர்மியக் குடும்பத்துப் பெண். அவர்களுக்கு ஏழு வயதுப் பையன், இரண்டு வயதுப் பெண்.

பர்மிய வீடுகளில் ஆண்பிள்ளைக்கு ஷின்பியு என்று ஒரு சடங்கு செய்வார்கள். தலையை மழித்து, துவராடை போர்த்தி, சில நாட்கள் மடத்தில் சிறு துறவியாக இருக்க வைப்பார்கள். மழிக்கும்போது முடி தரையில் விழாமல் பெற்றவர்கள் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து ஏந்திக்கொள்ள வேண்டும். தாய்க்கு வாழ்நாளில் அதைவிடப் பெரிய புண்ணியம் இல்லை என்பார்கள். த்வாண்டேயில் நாள் குறித்து, ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம் முத்தையா ஐயா பேரனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை அடித்துவிட்டார். பையன் டெங்கு வந்து கிடந்தபோது அம்மனுக்கு வேண்டிக்கொண்டதாம்.

மா சூ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அன்றே த்வாண்டேக்குப் போய்விட்டார். ஷின்பியு நின்றுபோனது. மாதம் ஒன்றாகியும் திரும்பவில்லை. சரவணன்தான் கெஞ்சிக் கூத்தாடி எல்லாரையும் எங்கள் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

முதல் நாள் மா சூ தன் நாற்காலியைக் கதவோரம் போட்டுக்கொண்டார். முத்தையா ஐயா ஜன்னலோரம். சரவணன் சரியாக நடுவில். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பெரியவரிடம் கேட்டேன்.

"முடிதானே தம்பி. இன்னைக்கு எடுத்தா நாளைக்கு வளருது. எப்படியும் அவங்களும் செரைக்கத்தான போறாங்க? அவங்களுக்கு ஒரு வேல மிச்சம்னு நெனச்சேன்."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். நான் அதைப் பர்மியத்தில் சொன்னேன். "அவங்களுக்கு ஒரு வேல மிச்சம்" வரை சொன்னேன். மா சூ எழுந்து, நாற்காலியைத் தூக்கிக் கொண்டுபோய்ச் சுவரோர அடுக்கின்மேல் வைத்துவிட்டு, கதவுப் பக்கம் நின்றுகொண்டார். நல்லவேளை, வெளியே போகவில்லை.

சரவணன் என் காதருகே வந்தார். "அண்ணே, அதக் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

பின்னால் டோ மியா அசையாமல் இருந்தார். என் நாக்கு நுனியில் அந்தக் கேள்வி வந்து நின்றது. இந்த முறை கேட்கலாம். கேட்டேன்.

"வீட்டுல நீங்க மாத்தித்தான் சொல்வீங்களா?"

சரவணன் தலையைக் குனிந்தார். அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. முத்தையா ஐயா மருமகளிடம் நேராகப் பேசுவதில்லை. அவர் வளர்ந்த வீட்டில் மாமனார் மருமகளிடம் பேசுவது வழக்கமில்லை. அவருக்குத் தெரிந்த பர்மியமும் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது. அவர் கூடத்தில் இருந்தால் மா சூ சமையலறையில் இருப்பார். எது சொல்வதானாலும் மகன் வழியாகத்தான். அப்பா கடிந்துகொண்டால் மகன் அதைக் கெஞ்சலாக மாற்றி உள்ளே கொண்டுபோவார். மனைவி முணுமுணுத்தால் அதை வணக்கமாக மாற்றி வெளியே கொண்டுவருவார். எட்டு வருடம். மா சூ தன் மாமனார் மென்மையான மனிதர் என்றே நம்பியிருந்தார். அந்த மனிதர் இப்படிச் செய்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இதை நான் பர்மியத்தில் சொல்லி முடித்ததும் மா சூ திரும்பி வந்து நாற்காலியை எடுத்தார். இந்தத் தடவை கணவருக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டார். சண்டை இடம் மாறியிருந்தது. டோ மியா மெதுவாகத் தலையசைத்தார்.

இரண்டாம் முறை மா சூவின் அண்ணன் கோ துன் த்வாண்டேயிலிருந்து வந்தார். நகத்திலெல்லாம் களிமண். பேச்சு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது முத்தையா ஐயா ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே முனகினார். "மாமன் மடியில இல்லாம நான் மட்டும் முறையாவா பண்ணினேன்." முனகலையும் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னேன்.

"மாமன் மடின்னா என்ன?" என்று கோ துன் கேட்டார்.

நம் வழக்கத்தில் பிள்ளையைத் தாயின் அண்ணனோ தம்பியோ மடியில் வைத்துக்கொண்டுதான் மொட்டை அடிக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் குனிந்து தன் மடியைப் பார்த்தார்.

"அப்ப அது என் மடி. அன்னைக்கு யார் மடியில உக்கார வச்சீங்க?"

"என் மடியில," என்றார் பெரியவர்.

"என்னக் கூப்பிட்டிருக்கலாமே."

"பர்மாக்காரரு. கூப்பிட்டாச் சிரிப்பாரோன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன்," என்றார் கோ துன். "ஆனா வந்திருப்பேன்."

அன்றைக்குத்தான் அந்த அறையில் முதன்முதலாக எல்லாரும் தேநீரை முழுசாகக் குடித்தார்கள். ஷின்பியுவை மறுபடி நடத்துவது, முதல் கற்றை முடியை மாமன் மடியில் வைத்து எடுப்பது, பிறகு பிக்கு மழிப்பது என்று பேசி முடிவானது. பிக்குவும் சரி என்றார். ஆனால் தலையில் முடி வேண்டுமே. ஏந்துவதற்குத் துணி நிறைய முடி இருந்தால்தான் என்று மா சூ சொல்லிவிட்டார். அதுவரை மா சூவும் பிள்ளைகளும் த்வாண்டேயில்தான். எனவே அந்த வழக்கு முடி வளரும் வேகத்தில் நகர்ந்தது. சரவணன் ஆற்றைக் கடந்து போய்ப் போய் வந்தார். ஒவ்வொரு மாதமும் மையத்துக்கு வரும்போது பையன் வாசலிலேயே தலையைக் குனிந்து காட்டுவான். மா சூ விரலை விட்டுப் பார்த்து, இன்னும் இல்லை என்பார். சரவணன் முகம் தொங்கிவிடும். "நல்லெண்ணெ தேச்சாச் சீக்கிரம் வரும்," என்று பெரியவர் மகன் காதில் சொல்வார். மகன் இப்போதெல்லாம் எதையும் மாற்றுவதில்லை. அப்படியே சொல்வார்.

கோடை விடுமுறையில் ஷின்பியு நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். பையன் கோ துன் மடியில் உட்கார்ந்தான். சரவணனும் மா சூவும் துணியைப் பிடித்தார்கள். மா சூ அழுதுகொண்டே சிரித்தார். முத்தையா ஐயா பந்தல் காலோரம் வேட்டி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். மா சூவும் பிள்ளைகளோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மழைக்காலத்தில் நேர்காணல். முத்தையா ஐயா தாமாகவே முன்வந்தார். "நான் வந்து சொல்றேன் தம்பி. உங்களுக்குக் கெடைக்காம யாருக்குக் கெடைக்கும்?"

இதை டோ மியாவிடம் சொன்னேன். "அவரு புகழ்வாரு. புகழ்ச்சிய அங்க யாரும் கேக்க மாட்டாங்க. மா சூவக் கேளுங்க," என்றார்.

கேட்டேன். "வர்றேன்," என்றார் மா சூ. "ஆனா அவங்க கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன்."

உள்ளது என்றால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றிலிருந்து நேர்காணல் நாள் வரை அதே கவலை. அவர் வராமல் போய்விடுவாரோ என்று கொஞ்ச நேரம், வந்துவிடுவாரோ என்று கொஞ்ச நேரம். மனைவி குடை ஒன்று, மாற்றுச் சட்டை ஒன்று, தலைவலித் தைலம் ஒன்று எல்லாம் பையில் வைத்துக் கொடுத்தாள். "மிச்சத்த நீங்களே பயந்துக்குங்க," என்றாள்.

மா சூ சொன்ன நேரத்துக்கு வந்தார். இடுப்பில் இளைய மகள், மூன்று வயது. பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லையாம். கூடவே, யாரும் கூப்பிடாமல், முத்தையா ஐயாவும் குடையோடு வந்து நின்றார்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். நடுவில் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை, கையில் பனையோலை விசிறி. நான் வழக்கைச் சொல்லத் தொடங்கினேன். மனப்பாடம் செய்திருந்தேன். முடி, துணி, மடி எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் சொல்லி முடித்தேன். மூவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அப்போது கரெண்டு போனது. கீழே ஜெனரேட்டர் கிளம்பி, அறை அதிர்ந்தது.

ஆசிரியை மா சூவிடம் கேட்டார். "இப்ப எல்லாம் சரியாயிடுச்சா?"

"இல்ல," என்றார் மா சூ.

மா சூ வேகமாகப் பேசினார். முத்தையா ஐயாவுக்குக் காதும் கொஞ்சம் மந்தம், ஜெனரேட்டர் சத்தம் வேறு. என் கையைத் தொட்டார்.

"என்ன தம்பி சொல்லுது?"

அங்கே நான் மொழிபெயர்க்க வந்தவன் இல்லை. உதவித்தொகை கேட்க வந்தவன். மருமகள் சந்தோஷமாக இருப்பதாகச் சொல்கிறார் என்று சொன்னால் பெரியவர் சிரித்திருப்பார். குழுவில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. இன்னொன்றும் மனதில் ஓடியது. இவர் இங்கே கோபித்துக்கொண்டு எழுந்து போனால் என் வழக்கு அங்கேயே செத்தது. ஆனால் வாய் பழகிவிட்டது. பெரியவருக்கு அரை அடி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"நான் உங்கள இன்னும் முழுசா மன்னிக்கல. அன்னைக்குத் துணியப் பிடிச்சிருந்தப்ப உங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க கைய நீட்டியிருந்தா ஒரு முனையக் குடுத்திருப்பேன். நீங்க நீட்டல. கேக்கவும் இல்ல. எட்டு வருஷமா நீங்க எங்கிட்ட எதையுமே நேராக் கேட்டதில்ல. மொட்டை அடிக்கறதுக்கு முன்னாலயும் கேக்கல."

பெரியவர் என்னிடம் இல்லை, தரையிடம் சொன்னார். "கூப்பிடாம எப்பிடிப் போய்ப் பிடிக்கிறது? கெடுத்தவன் நானு. தள்ளி நிக்கறதுதான் மரியாதைன்னு நெனச்சேன்."

ஆசிரியை ஏதோ கேட்க வாயைத் திறந்தார். நான் அவர் பக்கம் உள்ளங்கையைக் காட்டினேன். காட்டிய பிறகுதான் யாருக்குக் காட்டுகிறேன் என்பது உறைத்தது. கையை இறக்கவும் முடியவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு, பெரியவர் சொன்னதை மா சூவிடம் பர்மியத்தில் முழுவதும் சொல்லி முடித்தேன்.

மா சூ மாமனாரைப் பார்த்தார். மகளை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "மரியாதையா," என்றார். "நான் அதக் கோபம்னு நெனச்சேன்."

அதையும் சொன்னேன். பிறகுதான் கையை இறக்கினேன்.

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் நின்றபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாற்றுச் சட்டை இருப்பது ஞாபகம் வரவில்லை. வேறு இரண்டு பேர் உள்ளே போய் வந்தார்கள், அவர்களோடு வந்த குடும்பங்கள் சிரித்த முகமாக இருந்தன. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஆசிரியை விசிறியை மேசைமேல் வைத்தார்.

"நீங்க வழக்கச் சொன்னப்ப எங்களுக்குத் தூக்கம் வந்துடுச்சு," என்றார். "அந்தப் பெரியவர் உங்க கையத் தொட்டாரே, அப்பதான் முழிச்சோம். என்னைக் கைகாட்டி நிறுத்தினது என் வீட்டுக்காரருக்கு அப்புறம் நீங்கதான். உதவித்தொகை உங்களுக்கு."

நான் நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. டோ மியாவிடம் போய்ச் சொன்னபோது, "இன்னும் என்ன?" என்றார். பயிற்சி வகுப்பில் எல்லாரும் படித்தவர்களாக இருப்பார்களே என்று தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ஓராண்டில் வகுப்பில் எனக்குப் புரியாதது நிறைய. பக்கத்தில் உட்கார்ந்த செவிலியர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார், தேறினேன். பிறகு ஓய்வு பெறும்வரை அதே மாடியில் கேள்வி கேட்கிற நாற்காலியில் இருந்தேன். கடைசி வருடம் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை என் மனைவி அலமாரி மேல் வைத்தாள். யார் தலையிலாவது விழும் என்று எடுத்துத் தரையில் வைத்திருக்கிறேன். நல்ல வாழ்க்கைதான்.

நேர்காணலன்றைக்கே இன்னொன்று நடந்தது. தெயின்ஜிக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். செய்தியைக் கேட்டுவிட்டு நாங்கள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முத்தையா ஐயா தன் குடையை மருமகள் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. பெரியவர் அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பர்மியத்தில் பேசினார். கடையில் விலை கேட்கிற பர்மியம். வார்த்தை முன்னும் பின்னுமாக விழுந்தது.

"இவளுக்குக் காது. எப்போ குத்தறது? நான் வரலாமா?"

பர்மியர்களும் பெண்பிள்ளைகளுக்குக் காது குத்துவதை விழாவாகத்தான் செய்வார்கள். மா சூ என்னைப் பார்க்கவில்லை. சரியாகக் கேட்டதா என்பதுபோல மாமனாரைப் பார்த்தார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அந்த வாக்கியத்தை எப்படியெல்லாம் ஒழுங்காகச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஓடியது. வாயை மூடிக்கொண்டேன். நாங்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. நடத்துனர் கூவினார். யாரும் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"வரலாம்," என்றார் மா சூ, மெதுவாக, அவருக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாக. "ஆனா மொதல்ல எங்க அண்ணனக் கேளுங்க. மடி அவரோடது."

முத்தையா ஐயா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கோ துன்னின் எண்ணை மருமகள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மழைத்துளியைத் துடைத்துத் துடைத்து அழுத்தினார். தப்பாக அழுத்தி, மறுபடி கேட்டார். நான் குடையை விரித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.